ஏழு தடவ பாத்த கொலை

நேத்து எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. மாமாவ ஹட்டனுக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு படம் காட்டிட்டு, பத்திரமா டிக்கோயாவுக்குத் திருப்பிக் கூட்டிட்டு வரணும்.

மாமான்னா என் வீட்டுக்காரியோட அப்பா. டயகம பக்கம் தேயிலைத் தோட்டத்துல கணக்கப்பிள்ளையா இருந்து ஓய்வானவரு. கண்ணுல ஆபரேசன். இனி வெளிய போகலாம்னு போன வாரந்தான் டொக்டர் சொன்னாரு.

"ரெண்டு மாசமா சுவத்தையே பாத்துக்கிட்டு இருக்காரு. சந்தோசமா கூட்டிட்டுப் போயிட்டு வாங்க"ன்னா வீட்டுக்காரி.

படத்தத் தேர்ந்தெடுத்தது நான்தான். வாலிபத்துல மாமா ஏழு தடவ பாத்த துப்பறியும் படம். அதையே இப்ப புதுசா எடுத்திருக்காங்க. என்னா மூளை பாருங்க எனக்கு!

பழைய படத்துல துப்பறியிறவரு கோட்டும் தொப்பியுமா மழையில நின்னு சிகரெட் குடிப்பாராம். யாரையும் நம்ப மாட்டாராம். மூணு வார்த்தைக்கு மேல பேச மாட்டாராம். பஸ்ஸுலயே மாமா அந்த ஆளா மாறிட்டாரு. எங்க போறீங்கன்னு கேட்ட கண்டக்டருக்குக் கெடச்ச பதிலு: "ரெண்டு பேரு. ஹட்டன்."

புதுப் படத்துல அந்த ஆளு சட்டையில்லாம தண்டால் எடுத்துக்கிட்டே அறிமுகமாகுறாரு. அடுத்து பாட்டு. அதுக்கடுத்து அம்மாவ நெனச்சி அழுகை.

"மாப்ள, இவரு ஏன் அழுவுறாரு?"

"தெரியல மாமா."

"இவரு அழுது முடிக்கிறதுக்குள்ள கொலைகாரன் கொழும்புக்கே போயிருவானே!"

ரகசியமாத்தான் சொன்னாரு. ஆனா தெனமும் காலையில தோட்டத்து ஆளுங்க கூடுற பெரட்டுக் களத்துல எரநூறு பேருக்கு வேலை பிரிச்சிக் குடுத்த தொண்டை அது. தியேட்டரே சிரிச்சிச்சி.

நான் அங்கயே அவர அடக்கியிருக்கணும். எனக்கோ பெருமை! "என் மாமாதாங்க"ன்னு பின்னால திரும்பிச் சொல்லிக்கிட்டேன்.

அப்பதான் படத்துல ஒரு வக்கீல் வந்தாரு. மாமா எழும்பி நின்னு கைய நீட்டுனாரு.

"இவன்தான்! கொலை செஞ்சது இவன்தான்!"

சிரிப்பு சட்டுன்னு நின்னுச்சி.

"ஐயா, நாங்க இன்னும் முடிவு பாக்கலீங்க!"ன்னு ஒரு அக்கா கத்துனாங்க.

"சும்மா அடிச்சி விடுறாரு"ன்னாரு பின்சீட்டுக்காரரு.

நான் விடுவேனா? "ஏழு தடவ பாத்தவருங்க! வக்கீல் இல்லன்னா என் மீசைய எடுத்துர்றேன்!"

கடைசியில கைவிலங்கு மாட்டுனது வக்கீலுக்கு இல்ல. சமையல்காரருக்கு. கதையவே மாத்திட்டாங்க!

மொத்தத் தியேட்டரும் திரும்பி என் மீசையப் பாத்துச்சி.

மாமா நேரா மெனேஜர்கிட்ட போயிட்டாரு. "தம்பி, கடைசித் துண்ட மாத்திப் போட்டுட்டீங்க."

"இல்லீங்க ஐயா, புதுப் படத்துக்கு முடிவே இதுதான்."

"அப்ப வக்கீல் செஞ்ச கொலை?"

"இதுல அவரு செய்யலீங்க."

"நான் ஏழு தடவ என் கண்ணால பாத்தேன் தம்பி!"

மெனேஜர் என்னைப் பாத்தாரு. நான் ரொம்ப அக்கறையா அடுத்த படத்து போஸ்டர வாசிச்சிக்கிட்டு இருந்தேன்.

அதுக்குள்ள கூட்டம் சேந்துருச்சி. "அப்ப பழைய படத்துல வக்கீல் எப்படிங்க மாட்டுனாரு?"ன்னு கேட்டது, கத்துன அதே அக்கா!

மாமா தியேட்டர் படியில ஏறி நின்னு, பழைய முடிவ அப்படியே நடிச்சிக் காட்டுனாரு. துப்பறியிறவரும் அவருதான், வக்கீலும் அவருதான். படத்துக்கு விழாத கைதட்டு அங்க விழுந்துச்சி. பின்சீட்டுக்காரரு கூட தட்டிட்டு, "மீசைய நீங்களே வச்சிக்கங்க"ன்னு என்னை மன்னிச்சி விட்டாரு.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரி மாமாகிட்ட கேட்டா, "படம் எப்படிப்பா?"

மாமா செருப்பக் கழட்டிக்கிட்டே சொன்னாரு:

"பரவாயில்லம்மா. ஆனா உள்ள போனவன் நிரபராதி."