மாப்பிள்ளை அழைப்பு எந்த வழியாக?

தி.நகர்,
20-8-1972, ஞாயிறு

மதிப்புமிக்க சம்பந்தி வெள்ளைச்சாமி அண்ணாச்சி சமூகத்துக்கு, சாலை ஓவர்சியர் கருணாகரன் வணங்கி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் ஜானகியும் மகள் தங்கபுஷ்பமும் சுகம். அவ்விடம் தாங்களும் மதினியும் மாப்பிள்ளையும் ஜவுளிக்கடையும் சுகமாயிருக்கச் செந்திலாண்டவனை வேண்டுகிறேன்.

ஒரு சிறு வேண்டுகோள். வியாழக்கிழமை மாப்பிள்ளை அழைப்பு, ரயில் பாதைக்கு அடியிலுள்ள சுரங்கப்பாதை வழியாக வராமல், கோடம்பாக்கம் பாலத்தைச் சுற்றி மண்டபத்துக்கு வந்தால் நல்லது. மாப்பிள்ளை பூமிக்கு அடியில் போகக்கூடாதென்று ஜோசியர் சொல்லிவிட்டார்.

ஜோசியர் ஒன்றும் சொல்லவில்லை அண்ணாச்சி. பொய் எழுதினால் என் எழுத்து கோணிவிடும், பார்த்தாலே தெரியும். அந்தச் சுரங்கப்பாதையைச் சோதிக்கிறவன் நான்தானே. சுவரில் வெடிப்பு. அது வளர்கிறதா என்று பார்க்க, குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்டில் பதித்துவைப்போம். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். முதல் கண்ணாடி உடைந்தது, மாடு உரசியிருக்கும் என்றார் எங்கள் இஞ்சினியர். மாட்டுக்கு எட்டாத உயரத்தில் அடுத்ததை வைத்தோம், அதுவும் உடைந்தது, லாரி இடித்திருக்கும் என்றார். ஏணி போட்டு உச்சியில் மூன்றாவதை வைத்தால், எந்தப் புண்ணியவானோ அதன் மேலேயே உங்கள் கடை ஆடித் தள்ளுபடி போஸ்டரை ஒட்டிவிட்டுப் போய்விட்டான். நேற்று கொத்தனார் அக்பர் பாஷா ஏறிப் பார்த்துவிட்டு, "சார், கடைக்காரரு கழுத்தாண்ட கிழிஞ்சிகினு கீது சார்!" என்று கத்தினார். தங்கள் படம்தான், மன்னிக்கணும். பின்னால் கண்ணாடி ரெண்டு துண்டு. "இதுக்கு இன்னா சார் சொல்வாரு இஞ்சினியரு? கொசு இட்ச்சிச்சின்னுவாரா?" என்றார் பாஷா.

அதற்குப் பிறகும் "போக்குவரத்துக்குத் தகுதி" என்று கையெழுத்துப் போட்டேன். பின்னே என்ன செய்ய? தீபாவளி வியாபாரம் முடியுமட்டும் மூடக்கூடாதென்று மனுக் கொடுத்த கடைக்காரர் சங்கத்துக்குத் தலைவரே தாங்கள்தானே. மூடினா அந்தப் பக்கத்து ஜனம் கடைக்கு வராது, என் மக கல்யாணம் நடக்குமோ நடக்காதோ. பயந்துட்டேன் அண்ணாச்சி. அதுக்காக மாப்பிள்ளைய அதுக்குள்ள விட மனசு கேக்குமா? மேல ரயிலு, கீழ பேண்டு வாத்தியம். கொஞ்சம் சுத்தி வந்துருங்க. யார்கிட்டயும் மூச்சு விட்டுராதீங்க.

மதினிக்கு எங்கள் வணக்கம், மாப்பிள்ளை நூறு வயது வாழ ஆசி.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத
கருணாகரன்

பி.கு.: திங்கள் பகல். நேற்று இரவு கடிதத்தைத் தபாலில் போடத் தங்கபுஷ்பத்திடம் கொடுத்தேன். படித்துவிட்டாள். "பஸ்ஸுல போறவங்கள்லாம் யார் வீட்டுக்கும் மாப்பிள்ளை இல்லையாப்பா?" என்று கேட்டாள். ஆபத்தென்றால் உடனே பாதையை அடைக்க ஓவர்சியருக்கு அதிகாரம் உண்டு. இன்று காலை கையெழுத்தை அடித்துவிட்டு, நானும் பாஷாவும் இரண்டு பக்கமும் மூங்கில் கட்டிவிட்டோம். இஞ்சினியர் மெமோ தரப்போகிறாராம். ஆகையால் என் வேண்டுகோள் இனித் தேவையில்லை. ஊரே சுற்றித்தான் போக வேண்டும். மாப்பிள்ளை அழைப்பு வருமா வராதா என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். வராவிட்டால் பெற்ற மனசு தாங்காது அண்ணாச்சி, ஆனாலும் மூங்கிலை அவிழ்க்க மாட்டேன்.