நான்கு புராதன முட்டைகள்

ஒரு காட்டில், செல்போன் வரைபடத்தில்கூடப் பச்சையாகத் தெரியாத அளவுக்குச் சின்னக் காட்டில், அமலோற்பவம் என்றொரு ஆள்காட்டிக் குருவி இருந்தாள். ஆள்காட்டிகள் கூடு கட்டுவதில்லை. வெட்டவெளியில், கூழாங்கற்களுக்கு நடுவே, அந்தக் கற்களைப் போலவே புள்ளி போட்ட முட்டைகளை இட்டுவிட்டு நாள் முழுக்கப் பதறிக்கொண்டிருப்பார்கள். அமலோற்பவத்துக்கு இது முதல் பேறு. நான்கு முட்டைகள். இலை விழுந்தாலும் எழுந்து எண்ணுவாள். நான்கும் இருக்கும். உட்காருவாள். மறுபடி சந்தேகம் வரும், எழுந்து எண்ணுவாள்.

ஒரு நாள் காலை கீரி வந்தான். அமலோற்பவம் தன் குலத்துத் தாய்மார்கள் செய்வதைச் செய்தாள். ஓர் இறக்கையைத் தரையில் இழுத்துக்கொண்டு, ஒடிந்துபோனதுபோல நொண்டி நொண்டி, அலறியபடி முட்டைகளை விட்டு எதிர்ப்பக்கம் ஓடினாள். அடிபட்ட பறவை சுலபமாகக் கிடைக்கும் என்று கீரி பின்னாலேயே வருவான். நூறு அடி தள்ளிப்போனதும் ஜிவ்வென்று பறந்துவிடலாம்.

அந்த நேரம் பார்த்துக் குளத்தங்கரையில் பனிநாட்டு வாத்துகள் சில இறங்கியிருந்தன. குளிர்காலத்துக்கு வந்த வெளிநாட்டு விருந்தாளிகள்.

"ஆகா! என்ன நடனம்! எவ்வளவு சோகம்!" என்று சிறகு தட்டிப் படம் எடுத்துத் தள்ளின.

பாயப்போன கீரி அப்படியே நின்றான். ஒரு நிமிடம் யோசித்தான். பிறகு வாத்துகள் பக்கம் திரும்பிக் கைகூப்பினான்.

"எங்க காட்டுப் பாரம்பரிய நடனங்க. நாளைக்குப் பத்து மணிக்கு அடுத்த காட்சி."

வாத்துகள் போனதும் அமலோற்பவத்திடம் வந்தான். "அக்கா, நாளைக்கும் ஆடுவீங்கல்ல?"

"ஆட்டமா? எனக்கு உயிர் போய் உயிர் வந்துச்சுடா பாவி!"

"அதேதான் அக்கா. அந்த உணர்ச்சி கொறையாமப் பாத்துக்குங்க."

ஆடாவிட்டால் முட்டைகள் இருக்கும் பக்கம் கூட்டம் வந்துவிடுமே என்ற பயத்திலேயே அவள் தினமும் ஆடினாள். பயம் நிஜம் என்பதால் ஆட்டமும் நன்றாக இருந்தது. ஒரே வாரத்தில் டவுனிலிருந்து வேன் வேனாகக் குரங்குக் குடும்பங்கள் வந்து இறங்கின. நீர்நாய் நண்டு வறுவல் கடை போட்டாள். அணில் தொப்பி விற்றான். முள்ளம்பன்றி, தன் முதுகில் இருந்து உதிர்ந்ததையெல்லாம் பேனா என்று விற்று, கேட்டால் நிப்பு தனி என்றான். இத்தனை நாள் வேலை இல்லாமல் படுத்துக்கிடந்த காடு, எழுந்து பல் துலக்கியது. சுற்றுலா வளர்ச்சி அலுவலர் எருமை, 'வாய்ப்புகள் பெருகும் வனம்' என்று ஒரு பலகை வைத்தார்.

வாய்ப்புகள் பெருகின. வேன்களும் பெருகின. நிறுத்தத்தான் இடமில்லை. எருமை காடு முழுக்க நடந்து பார்த்தார். மரம் இல்லாத, மேடு பள்ளம் இல்லாத, கூழாங்கல் நிரவிய இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அங்கே நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்: 'வாகன நிறுத்துமிடம். வரும் திங்கள்கிழமை யானை வந்து மிதித்துச் சமப்படுத்தும்.'

முட்டை பொரிய இன்னும் பத்து நாள். திங்கள்கிழமைக்கு மூன்று நாள்.

அமலோற்பவத்தின் கணவன் சூசை நல்ல தகப்பன். வெயில் ஏறினால் குளத்தில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, ஈரத்தோடு முட்டைகள் மேல் உட்கார்ந்து சூடு தணிப்பான். நோட்டீஸைப் படித்ததும், "பாத்துக்கலாம் அமலி" என்று வயிற்றை நனைக்கக் கிளம்பினான்.

"யானை காலுக்கடியிலயும் ஈரத் துணி போடப்போறீங்களா? நீங்க இங்கயே உக்காருங்க. நான் ஆபீசுக்குப் போறேன்."

ஆபீசில் வரிசை. அவளுக்கு முன்னால் ஒரு நத்தை. அதன் முறை வந்து, அது ஜன்னலுக்குப் போய்ச் சேர்வதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. மூன்றரை மணிக்குத்தான் அமலோற்பவம் எருமையின் முன்னால் நின்றாள்.

"சார், அந்த இடத்துல என் முட்டைங்க இருக்கு."

எருமை அசைபோட்டபடியே படிவத்தைப் பார்த்தார். "முட்டைன்னா உயிருள்ளவை. உயிருள்ளவை தானா வேற எடத்துக்குப் போயிரணும்மா."

"முட்டை எப்படி சார் நடக்கும்?"

"அந்தக் கேள்விக்கு இதுல கட்டம் இல்லியே. மாற்று இடம் கேட்டு எழுதிக் குடுங்க. ஆறு மாசத்துல பதில் வரும்."

அவள் குனிந்து படிவத்தைப் பார்த்தாள். தலையைத் தூக்கினால், எருமைக்குப் பின்னால் ஒரு பெரிய படம். பக்கத்துக் காட்டில் தோண்டி எடுத்த உடைந்த பானை. ஓட்டைப் பானைதான். அதைச் சுற்றி நான்கு பக்கமும் கயிறு, விளக்கு, இரண்டு காவலாளி.

அமலோற்பவம் பொய் சொன்னால் வெயிலில் முட்டி போடவைக்கும் பள்ளிக்கூடத்தில் படித்தவள். முழங்கால் இப்போதே வலித்தது. வாயைத் திறந்தாள்.

"மன்னிச்சுக்கங்க சார், பதட்டத்துல தப்பாச் சொல்லிட்டேன். அது முட்டை இல்ல, கல்லு. ரொம்பப் பழைய கல்லு."

எருமை அசைபோடுவதை நிறுத்தினார். "எவ்வளவு பழசு?"

"ரெண்டாயிரம் வருஷம்..."

"கொஞ்சம் கூட்டிச் சொல்லுங்கம்மா. பக்கத்துக் காட்டுப் பானையே மூவாயிரம்."

"மூவாயிரத்து இருநூறு."

"அதைச் சொல்லுங்க!" முத்திரை 'டப்'பென்று விழுந்தது.

மறுநாள் நிபுணர் ஆமை வந்தார். மூக்குக் கண்ணாடியை முட்டையில் ஒட்டிவைத்துப் பார்த்து, புள்ளிகள் எல்லாம் எழுத்துகள் என்றார். "ஒரு வணிகரோட பேர் இருக்கு. உப்பு வியாபாரம் பண்ணியிருக்கார். நாலாவது கல்லுல எழுத்துப் பிழை."

வாகன நிறுத்துமிடம் குளத்துக்கு அந்தப்பக்கம் போனது. கயிறு கட்டினார்கள். 'தொடாதீர்' என்று பலகையும் வைத்தார்கள். அதில்தான் புதுச் சிக்கல்: 'தொடாதீர்' என்றால் அமலோற்பவமும்தான்.

"சார், வெயில் பட்டா எழுத்து அழிஞ்சிரும். மேலேயே உக்கார ஒரு ஆள் வேணும்."

"சரியாச் சொன்னீங்க. அப்படியே ஈரப்பதத்துக்கு ஒருத்தர் போடணும்" என்று எருமை, கணவன் மனைவி இருவரையும் தற்காலிகப் பணியில் நியமித்தார். தன் முட்டையைத் தானே அடைகாக்க நியமன ஆணை வாங்கிய முதல் தாய் அவள்தான்.

கீரி வழிகாட்டி ஆகியிருந்தான். கூட்டத்துக்கு விளக்கம் சொல்லும்போதெல்லாம் நாக்கைச் சப்புக்கொட்டினான்.

"அக்கா, எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா தொட்டுப் பாருடா தம்பி. முட்டையைத் தின்னா பசி தீரும். புராதனச் சின்னத்தைத் தின்னா ஜாமீன் கெடையாது."

கீரி எச்சிலை விழுங்கிக்கொண்டு, "இந்தப் பக்கம் வாங்க, இதுதான் உப்பு வணிகர் கல்" என்றான்.

பத்தாம் நாள் பனிநாட்டு வாத்துகளின் தூதுக்குழு வந்தது. எருமை மாலையோடு நின்றார். ஆமை சொற்பொழிவைத் தொடங்கி, 'அன்பார்ந்த' என்பதுவரை வந்திருந்தார். அப்போது அமலோற்பவத்தின் வயிற்றுக்கடியில் 'டிக்' என்று ஒரு சத்தம்.

"ஐயோ, விரிசல்!" என்று கத்தினார் எருமை. "சின்னத்துல விரிசல்!"

உப்பு வணிகர் தலையை வெளியே நீட்டி, "கீச்" என்றார்.

வாத்துகள் சிறகு தட்டின. மதியத்துக்குள் நான்கு கற்களும் ஈரம் காய்ந்து, நான்கு பஞ்சு உருண்டைகளாகக் கயிற்றுக்கு அடியில் புகுந்து நாணலுக்குள் ஓடின. ஆமை துரத்திப் பார்த்தார். கிடைக்கவில்லை.

கண்ணாடிப் பெட்டியில் ஓடுகளை வைத்தார்கள். கூட்டம் குறையவில்லை. கணவன் மனைவிக்கு வேலை போனது. போதாததற்கு அமலோற்பவத்துக்கு ஒரு மெமோவும் வந்தது: 'தங்கள் பொறுப்பில் இருந்த நான்கு புராதனக் கற்களின் தற்போதைய நிலை என்ன? விளக்கம் தேவை.'

அவள் நான்கையும் இறக்கைக்கு அடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு பதில் எழுதினாள்:

'மதிப்பிற்குரிய ஐயா, கற்கள் நான்கும் நலம். இரண்டாவது கல்லுக்கு மட்டும் லேசாகச் சளி.'

நீதி: உயிரோடு இருப்பதைக் காப்பாற்ற வேண்டுமா? அது செத்து மூவாயிரம் வருடம் ஆகிறது என்று எழுதிக் கொடுங்கள்.