லிஃப்ட் சாவியும் பத்து நற்குணங்களும்

ஒரு நாட்டின் மாண்பை அளக்க அதன் கோட்டைகளையும் மாளிகைகளையும் சுற்றிப் பார்த்துக் கால் நோகத் தேவையில்லை. மூன்றாம் மாடியில், லிஃப்டுக்கு எதிர்வீட்டில் குடியிருக்கும் செயலாளரை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால் போதும். இருபது வீடுகள் கொண்ட அந்தக் கட்டடத்தின் குடியிருப்போர் சங்கத்துக்கு ஏழு வருஷமாக அவர்தான் செயலாளர். போட்டியிட வேறு ஆளில்லை என்பதை அவர் 'ஏகமனதாக' என்று சொல்வார். நாமும் நம்மைப் பற்றி இப்படித்தான் ஏதாவது சொல்லிக்கொள்கிறோம், அதனால் அவரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

அன்று காலை பத்து மணிக்கு, மனைவி காய்கறி வாங்கப் போயிருந்த நேரத்தில், நகரமன்றத்திலிருந்து ஒரு கணக்கெடுப்புக்காரப் பெண் வந்தாள். கையில் 'நல்ல குடிமகனுக்குரிய பத்துக் குணங்கள்' என்று ஒரு படிவம். எது முதலிடம், எது அடுத்தது என்று வரிசைப்படுத்திச் சொல்ல வேண்டுமாம். செயலாளருக்குப் புல்லரித்துவிட்டது. இந்தக் கேள்விக்கான பதிலை அவர் நாற்பது வருஷமாகத் தயாராக வைத்திருந்தார், கேட்கத்தான் ஒருத்தரும் வரவில்லை. உள்ளே போய் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்தவர் முன்னால் போன் பேசுவது 'குடிமைப் பண்பு' ஆகாது என்பதால், போனைச் சத்தம் வராமல் செய்து மேசைமேல் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

"எழுதிக்கோம்மா. முதலிடம், அயலாருக்கு உதவுதல்."

வெளியே டம் டம் என்று சத்தம் கேட்டது.

"சார், லிஃப்டுக்குள்ள யாரோ தட்டறாங்க போலிருக்கு."

"அது ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல அப்பப்ப நின்னுடும். நீ எழுது."

"தொறக்கறதுக்குச் சாவி இருக்கா சார்?"

"இல்லாமலா?" தலைக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய சாவியைப் பெருமையோடு காட்டினார். "ஆனா நெனச்சா எடுத்துத் தொறக்கற விஷயமில்ல. தீர்மானம் போட்டிருக்கோம். மாட்டிக்கிட்டவர் எழுத்துமூலமா விண்ணப்பம் குடுத்தாத்தான் சாவி வெளிய போகும்."

"உள்ள மாட்டிக்கிட்டவர் எப்படி சார் குடுப்பார்?"

"இதையேதான் நாலாம் மாடி வக்கீலும் கேட்டார். 'உறுப்பினரின் ஐயம் பதிவு செய்யப்பட்டது'ன்னு எழுதிட்டு டீ குடிக்கப் போயிட்டோம்."

உள்ளே இருப்பது அந்த வக்கீல்தான் என்பதில் செயலாளருக்குச் சந்தேகமே இல்லை. கோர்ட்டுக்குக் கிளம்புகிற நேரம் இதுதான். தீர்மானம் போட்ட கூட்டத்தில் அதற்கு எதிராகத் தூக்கப்பட்டது ஒரே ஒரு கை. அந்தக் கைதான் இப்போது தட்டுகிறது என்று நினைக்க நினைக்க அவருக்கு நெஞ்செல்லாம் குளுகுளுவென்றிருந்தது. வெட்கக்கேடுதான், ஆனால் அவருக்கு அப்படித்தான் இருந்தது.

"ரெண்டாவது, பொறுமை. மூணாவது, சட்டத்தை மதிக்கறது. அந்த ரெண்டும் இருந்தா எவனும் இப்படிக் கதவை ஒடைக்க மாட்டான்."

"சார், ஒருவேளை முடியாதவங்க யாராவது..."

"நாலாவது, பொது இடத்துல அமைதி காக்கறது. அடிக்கோடு போடும்மா."

அவள் அடிக்கோடு போட்டாள். பதில் சொல்பவரோடு வாதாடக் கூடாது என்று அவளுக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். படிக்கட்டுப் பக்கம் ஒன்றிரண்டு கதவுகள் திறந்தன. "என்ன சத்தம் இது" என்று யாரோ யாரையோ கேட்டார்கள். பிறகு எல்லாக் கதவுகளும் மூடிக்கொண்டன. ஐந்தாவது குணம் வந்தது, ஆறாவது வந்தது. ஒவ்வொன்றுக்கும் செயலாளர் தம் வாழ்க்கையிலிருந்தே உதாரணம் கொடுத்தார். வேறு யார் வாழ்க்கையிலும் அவருக்குக் கிடைக்கவில்லை. ஒன்பதாவது குணத்தின்போது தட்டல் மெதுவானது. பத்தாவதின்போது நின்றேபோனது.

"பாத்தியா, பொறுமை வந்துடுச்சு," என்றார் செயலாளர்.

"கடைசியா உங்க போன் நம்பர் சொல்லுங்க சார். ஒரு மிஸ்டு கால் குடுக்கறேன், சரிபார்க்கணும்."

அவர் போனை நிமிர்த்தினார். அவள் இன்னும் ஒரு எண்ணைக்கூட அழுத்தவில்லை. ஆனால் அதில் ஏற்கெனவே பத்தொன்பது அழைப்புகள் இருந்தன. பத்தொன்பதும் 'இல்லத்தரசி'யிடமிருந்து வந்தவை.

மனைவிக்கு மூச்சுத்திணறல் உண்டு. அடைத்த இடம் ஆகாது. விண்ணப்பமாவது தீர்மானமாவது, செயலாளர் சாவியை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு செருப்புகூடப் போடாமல் ஓடினார். அவசரத்தில் சாவி இரண்டு தடவை கீழே விழுந்தது. மூன்றாவது தடவை கதவு திறந்தது. அரை ஆள் உயரத்துக்குக் கீழே, லிஃப்ட் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் மனைவி. பக்கத்தில் காய்கறிப் பை, கையில் ஒற்றைச் செருப்பு. அதை வைத்துத்தான் தட்டியிருக்கிறாள். செயலாளரும் கணக்கெடுப்புக்காரியும் ஆளுக்கு ஒரு கையாகப் பிடித்து அவளை மேலே தூக்கினார்கள்.

படியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். கால் சொம்பு உள்ளே போன பிறகுதான் அவளுக்கு மூச்சு சீரானது.

"உள்ள யாருன்னு நெனச்சீங்க?"

"வக்கீல்னு..."

"அவர் காலையிலயே படியில எறங்கிப் போனாரே. நான் கிளம்பறப்போ என் முன்னாலதான் போனார்."

செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் இவ்வளவு உண்மையாகப் பேசியதில்லை.

"நீன்னு தெரிஞ்சிருந்தா மொத தட்டுலயே ஓடி வந்திருப்பேனே."

மனைவி சொம்பைக் கீழே வைத்தாள். கணக்கெடுப்புக்காரியின் கையில் இருந்த படிவத்தைப் பார்த்தாள்.

"அதுல முதலிடத்துல என்ன கண்ணு எழுதியிருக்கார்?"

"அயலாருக்கு உதவுதல்."

"அத அடிச்சுட்டு, இப்ப இவர் வாயாலயே சொன்னாரே, அத அப்படியே எழுதிக்கோ."

"அடிச்சுத் திருத்தினா பக்கத்துல கையெழுத்து வேணும்க்கா."

"வாங்கிக்கோ. இவர்கிட்ட மட்டும் வாங்கினா பாவம். நான் தட்டினது இருபது வீட்டுக்கும் கேட்டிருக்கும், அதனால எல்லார்கிட்டயும் வாங்கு. மொதல்ல நீ ஒண்ணு போட்டுட்டு, போய் ஒவ்வொரு கதவாத் தட்டிப் பாரு. தொறக்கறாங்களான்னு பாப்போம்."