மூன்று கிலோ இருநூறு

"இனிமே இந்த வீட்டு ஆளுங்க எடைய வெளியாள் யாரும் போடக்கூடாது!"

என் கணவர் கூடத்தின் நடுவில் நின்று இப்படிப் பிரகடனம் செய்தபோது நான் பேத்தியின் காலுறைகளை மடித்துக்கொண்டிருந்தேன். மடிக்கிற அளவுக்கு அவற்றில் ஒன்றுமில்லை. இரண்டும் சேர்ந்தாலும் என் கட்டை விரலுக்குப் பற்றாது. ஆனாலும் மடித்தேன். பாட்டியாகி எட்டு மாதம்தான் ஆகிறது. புதிதாகப் பதவிக்கு வந்தவர்கள் எல்லாக் கோப்புகளையும் ஒருமுறை பிரித்துப் பார்ப்பார்களே, அப்படி.

"யாருங்க போட்டா?"

"நேத்து நான் கண்ணாடிக் கடைக்குப் போன நேரம் பாத்து நீ குழந்தைய ஊசி போடத் தூக்கிட்டுப் போயிருக்க. அங்க நர்ஸ் எடை போட்டிருப்பாளே?"

"போட்டா. சொல்லட்டுமா?"

அவர் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார். "வேணாம்! அந்தத் தராசுல முத்திரை இருந்துச்சா?"

"நான் குழந்தையப் பாத்தேன். தராசப் பாக்கல."

"அதான் இந்த நாட்டோட கேடு. எல்லாரும் பொருளப் பாக்குறாங்க. தராச எவனும் பாக்குறதில்ல. முத்திரை பாக்காத எடை என் காதுல விழக்கூடாது."

முப்பத்து நான்கு வருடம் கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சரிபார்த்து முத்திரை குத்திய ஆய்வாளர் அவர். கடைத்தெருவில் அவர் தலை தெரிந்தால் வியாபாரிகளுக்குத் தும்மல் வரும். எதையும் சரியாக எடைபோடுவார், என்னைத் தவிர. நான் கல்லூரியில் இலக்கியம் படித்தவள், ஆகவே எனக்குக் கணக்கு வராது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நாற்பது வருடமாக நான் பத்திரமாகக் காப்பாற்றி வருகிறேன். சமயத்துக்கு உதவும்.

பேத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெருமையடிப்பதாக நினைக்கக் கூடாது, உள்ளதைச் சொல்கிறேன். பிறக்கும்போதே மூன்று கிலோ இருநூறு. இந்த எண்ணை நான் செய்யுள் மாதிரி மனப்பாடமாகச் சொல்வேன். நான்காம் மாதம் குப்புற விழுந்தாள். ஆறாம் மாதம் தன் கால் கட்டை விரலைத் தானே கண்டுபிடித்தாள். உலகில் இதற்கு முன் யாரும் அதைக் கண்டுபிடித்ததில்லை என்பது போல அவள் பார்த்த பார்வை இருக்கிறதே! என் கணவர் அவளை "மேலதிகாரி" என்றுதான் கூப்பிடுவார். பணியில் இருந்தவரை எந்த மேலதிகாரிக்கும் வளையாத முதுகு அது. இப்போது யானையாகிக் கூடத்தைச் சுற்றி வருகிறது.

எங்களுக்குள் சண்டை ஒன்றே ஒன்றுக்குத்தான். மொட்டைமாடி.

மாலை ஐந்தரைக்கு அவளைத் தூக்கிக்கொண்டு பத்தொன்பது படி ஏறினால், கொடியில் காய்கிற துணிகள் காற்றில் கைதட்டும். அதைப் பார்த்து அவளும் கைதட்டுவாள். அந்த நேரத்தில் அவள் தலை என் தோளில் சாயும். கனத்தில் இரண்டு வகை உண்டு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தூக்கினால் வலிப்பது ஒன்று. இறக்கி வைத்தால் வலிப்பது இன்னொன்று.

மகள் அடுத்த தெருவில் இருக்கிறாள். காலையில் குழந்தையை எங்களிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போய் மாலையில் வருவாள். கட்டடங்களுக்கு வரைபடம் போடுவது அவள் வேலை. எது எவ்வளவு பாரம் தாங்கும் என்பதுதான் எப்போதும் அவள் பேச்சு. மூன்று மாதம் முன்பு எங்கள் இருவரையும் மூட்டு டாக்டரிடம் இழுத்துப் போனாள். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி தேய்மானம்" என்றார். எங்கள் மணவாழ்க்கையில் நாங்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் மகள் சட்டம் போட்டாள். "அப்பா எழுபத்தஞ்சு கிலோவுக்குள்ள இருக்கணும். அம்மா அறுபதுக்குள்ள. அதுக்கு மேல போனா, குழந்தையத் தூக்கிட்டுப் படியேறக் கூடாது."

அவர் ஒரு மாதம் வெறும் கஞ்சியும் நடையுமாகக் கிடந்து, மகள் முன்னிலையில் எடை மெஷினில் ஏறி, மிகச் சரியாக எழுபத்தைந்து காட்டினார்.

"அம்மா, நீ?"

"அம்பத்தெட்டு."

"ஏறிக் காட்டு."

"பெத்தவ வாய்ச்சொல்ல நம்ப மாட்டியா?"

நல்ல வேளையாக அந்த நேரத்தில் மேலதிகாரி வீறிட்டு அழுதாள். பேச்சு அதோடு போயிற்று. ஒரு தராசு ஆய்வாளரின் மனைவியாக நாற்பது வருடம் வாழ்ந்தும், நான் ஒரு நாளும் தராசில் ஏறியதில்லை. எனக்கென்று சில கொள்கைகள் உண்டு.

ஆக, திங்கள் புதன் வெள்ளி அவர் முறை. செவ்வாய் வியாழன் சனி என் முறை. ஞாயிற்றுக்கிழமை யார் முந்திச் செருப்பைப் போடுகிறார்களோ அவர் முறை. எனக்கு ஏழு நாளும் வேண்டும். பேராசைதான். இந்த வயதில் வேறு எதற்கு ஆசைப்பட?

பிரகடனத்துக்கு வருகிறேன். அவர் எடை மெஷினைக் கூடத்துக்கு இழுத்து வந்தார். வாங்கிய அன்றே கடைக்காரரிடம் இருபது கிலோ இரும்புக் கற்களை இரவல் வாங்கி, வைத்து எடுத்துச் சோதித்துத் தேர்ச்சி கொடுத்த மெஷின் அது. பேத்தியை அணைத்தபடி அதன்மேல் ஏறினார்.

"எண்பத்தாறு புள்ளி மூணு. எழுதிக்கோ."

எழுதினேன்.

"அதுல என்னோட எழுபத்தஞ்சக் கழி."

"உங்கள மறுபடி எடை போட வேணாமா?"

"எதுக்கு? ரெண்டு மாசம் முன்னாடிதானே போட்டோம். ஒரு தடவ முத்திரை குத்தினா ஒரு வருஷம் செல்லும். அதான் சட்டம்."

"மனுஷனுக்கும் அதே சட்டமா?"

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணு."

கழித்தேன். "பதினொண்ணு புள்ளி மூணு."

அவர் முகம் பூரித்த பூரிப்பில் மீசை இரண்டு அங்குலம் அகலமாயிற்று. "போன மாசம் ஏழேமுக்கால். இப்போ பதினொண்ணு சொச்சம்! வளர்ச்சின்னா இது வளர்ச்சி! யாரு கைல வளருது?"

நர்ஸ் எழுதித் தந்த அட்டை என் கைப்பையில் இருந்தது. எட்டு கிலோ நூறு. எனக்குத்தான் கணக்கு வராதே. ஆகவே அதை வெளியே எடுக்கவில்லை. "உங்க கைராசிங்க" என்று மட்டும் சொன்னேன்.

அவர் ஜன்னலைத் திறந்து எதிர்வீட்டுத் தையல்காரரைக் கூப்பிட்டார்.

"பதினொண்ணு புள்ளி மூணு!"

"என்ன சார், மார்பளவா?"

"எடைய்யா! என் பேத்தி!"

"அடேங்கப்பா. போன மாசம் தெச்ச சட்டையப் பிரிச்சுத் தரவா?"

பால்காரருக்குச் சொன்னார். தபால்காரருக்குச் சொன்னார். தவறான எண்ணில் அழைத்த ஒருவருக்கும் சொன்னார். கடைசியில் மகளுக்கும் செய்தி அனுப்பினார். நான் காலுறைகளைப் பிரித்து மறுபடி மடித்தேன்.

இங்கே ஒரு ரகசியம். அவர் ஓய்வு பெற்றபோது துறை நண்பர்கள் ஒரு மரப்பெட்டி பரிசளித்தார்கள். உள்ளே நீல வெல்வெட்டில் பள்ளங்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு பித்தளை எடைக்கல், ஐந்து கிலோவிலிருந்து ஐம்பது கிராம்வரை. அதை யாரும் தொடக்கூடாது. மூன்று வாரத்துக்கு முன்பு தூசி தட்டும்போது தொட்டேன். பெட்டி பஞ்சு மாதிரி இருந்தது. திறந்தேன். கற்கள் இல்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் பிஸ்கட். ஐந்து கிலோப் பள்ளத்தில் கிரீம் பிஸ்கட் அடுக்கு, ஐம்பது கிராம் பள்ளத்தில் குட்டி உப்பு பிஸ்கட். அளவு பார்த்து அடுக்கியிருந்தார். தொழில் சுத்தம்.

நான் சத்தம் போடவில்லை. தினம் ஒன்று மட்டும் எடுத்துக்கொண்டேன். சாட்சிக்காக. சில நாள் சாட்சி ஒன்று போதாமல் இருந்தது.

மாலையில் மகள் மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"எட்டு மாசக் குழந்தை ஒரே மாசத்துல மூணரைக் கிலோ ஏறினா அது வளர்ச்சியாப்பா? கிளம்புங்க, டாக்டர்கிட்ட போகலாம்."

"பொறாமைப்படாதம்மா."

"நான் அவளோட அம்மாப்பா!"

நான் மெல்ல அட்டையை எடுத்தேன். "நேத்து நர்ஸ் எட்டு கிலோ நூறுன்னு எழுதியிருக்காளே."

மகள் அட்டையைப் பிடுங்கிப் பார்த்தாள். "அப்போ உங்க மெஷின்தான் தப்புப்பா."

"என் தராசா?" அவர் குரல் உடைந்தது. யாரோ அவரை முன்னாள் கணவர் என்று சொல்லிவிட்ட மாதிரி. "நான் சோதிச்ச தராசா? அந்த நர்ஸ் தராசுதான் தப்பு!"

"அப்படித்தான் இருக்கும்" என்றேன் நான். "இவர் கை பட்ட தராசு தப்பாகுமா? ஒண்ணு பண்ணலாம். இவரோட எடைக்கல் பெட்டிய எடுத்துட்டுப் போயி அந்த நர்ஸ் தராச இப்பவே சோதிச்சுடலாம். ஊர்ல இருக்கிற மத்தக் குழந்தைங்களுக்கும் நல்லது."

அவர் முகத்தில் மீசை பழைய அளவுக்குச் சுருங்கியது.

"இப்போ... இப்போ ஆஸ்பத்திரி மூடியிருக்கும்."

"ஏழு மணிவரைக்கும் உண்டுப்பா" என்றபடி மகள் அலமாரிமேல் இருந்த பெட்டியை இறக்கினாள். பத்து கிலோவுக்குத் தயாரான கைகள். பெட்டி கூரைவரை போய் வந்தது. "என்னப்பா இது, காத்து மாதிரி இருக்கு?"

"மெதுவா! மெதுவா!"

திறந்தாள். நீல வெல்வெட்டில் கிரீம் பிஸ்கட்டுகள் வரிசையாகக் கிடந்தன. மேலதிகாரி அதைப் பார்த்துக் கைதட்டினாள். மொட்டைமாடிக்கு வெளியே அவள் கைதட்டியது அதுவே முதல்முறை. அந்தப் பெருமையைக் கொண்டாடக்கூட யாருக்கும் நேரமில்லை.

"என்னங்க," என்றேன், "எனக்குக் கணக்கு வராது. நீங்களே சொல்லுங்க. எண்பத்தாறு புள்ளி மூணுல எட்டு புள்ளி ஒண்ணு போனா?"

நேர்மையான மனிதர். தன் எடைதான் என்று தெரிந்தும் கணக்கில் பொய் சொல்லவில்லை. "எழுபத்தெட்டு புள்ளி ரெண்டு" என்றார் தரையைப் பார்த்து.

"தராசு சரி. நர்ஸ் சரி. குழந்தை சரி. முத்திரைதான் காலாவதி. கூடுதல் மூணு கிலோ இருநூறு. நம்ம மேலதிகாரி பிறந்தப்போ இருந்த அதே எடை." அவர் வயிற்றைப் பார்த்தேன். "எத்தனாவது மாசம்?"

மகள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்பு சொன்னாள். "அப்பாவுக்கு மாடி ரத்து. ஏழு நாளும் அம்மா."

ஏழு நாள்! திங்கள், புதன், வெள்ளி எல்லாம் ஒவ்வொன்றாக என் மடியில் வந்து உட்கார்ந்தன.

அவர் எதிர்க்கவில்லை. எழுந்து எடை மெஷினைத் துணியால் துடைத்தார். பாவமாக இருந்தது. "ஒண்ணே ஒண்ணும்மா," என்றார் மகளிடம், மிகப் பணிவாக. "ஒரு வாசிப்ப வெச்சு ஒரு தராசுக்குத் தேர்ச்சி குடுக்கக் கூடாது. முப்பத்து நாலு வருஷத்துல நான் குடுத்ததில்ல. வேற ஒரு கை பிடிச்சு ரெண்டாவது வாசிப்பு எடுக்கணும். என் தொழிலுக்கு ஒரு கடைசி மரியாதை."

"அதுக்கென்னங்க, எடுத்தாப் போச்சு" என்றேன்.

பேத்தி என்னைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் நீட்டித் தாவி வந்தாள். வேறு யாரிடமும் அவள் அப்படித் தாவுவதில்லை. எல்லாரும் பார்க்கட்டும் என்று அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தலை நிமிர்ந்து, ராணி மாதிரி ஏறி நின்றேன். தலைக்கனத்தை மெஷின் காட்டாது என்ற தைரியம்.

அவர் குனிந்து மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து, நிறுத்தி நிதானமாக வாசித்தார். "எழுபத்து நாலு புள்ளி ஆறு."

அந்த நொடியில்தான் எனக்குக் கணக்கு வந்தது.

"அதுல எட்டு புள்ளி ஒண்ணக் கழிம்மா" என்றார் மகளிடம்.

"அறுபத்தாறரை... அம்மா! அம்பத்தெட்டுன்னியே!"

"அரைக் கிலோப் பள்ளத்துல ரெண்டு வெப்பேன்," என்றார் அவர், பெட்டியை அன்போடு மூடியபடி. "காலைல பாத்தா ஒண்ணு இருக்கும். மூணு வாரமாப் பாக்குறேன். எலிக்கு வெல்வெட் பெட்டியோட கொக்கியத் திறக்கத் தெரியாதே."

ஐந்தரை மணிக்கு மகள்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். நாங்கள் இருவரும் படியின் கீழே நின்றோம். மேலே துணிகள் படபடப்பதும் சின்னக் கைகள் தட்டுவதும் கேட்டன. என்ன ஓசை நயம் என்று எனக்குள் பெருமையாக இருந்தது. காலும் வலித்தது.

அவர் கடைசிப் படியில் உட்கார்ந்து, பக்கத்தில் எனக்கு இடம் விட்டார். நான் தயங்கினேன்.

"பயப்படாம உக்காரு," என்றார். "நூத்தி நாப்பத்து நாலு புள்ளி ஏழு. கூட்டிப் பாத்துட்டேன், தாங்கும்."