கெண்டையை அளந்த கொடுக்கு

ஒரு காட்டில் இருந்தும் இல்லாத ஓர் ஓடை. மழை வந்தால் இருக்கும். சித்திரை வந்தால் இருக்காது. இழுக்கிற தண்ணீரோடு மல்லுக்கட்டியே அதில் வளர்ந்தவன் குப்பண்ணன் என்கிற கெண்டை. உருட்டுக்கட்டை மாதிரி உடம்பு. பலகையாக வளர்ந்திருந்தால் வெள்ளம் அவனைப் பட்டம் மாதிரி அடித்துக்கொண்டு போயிருக்கும்.

அந்த வருஷம் ஓடை சீக்கிரமே வற்றத் தொடங்கியது. கீழே இருக்கும் மடுவுக்குப் போனால் பிழைக்கலாம், போகாவிட்டால் கருவாடு. ஆனால் மடுவிலிருந்த பெரிய மீன்கள் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தார்கள்: கெண்டை வம்சத்துக்கு மட்டுமே இடம். கெண்டை என்றால் அகலம். வாசலில் பரமானந்தம் என்கிற நண்டு கொடுக்கை விரித்து அளப்பார். கொடுக்குக்குள் அடங்குகிறவன் கெண்டை இல்லை, திரும்பிப் போக வேண்டியதுதான்.

வரிசையில் குப்பண்ணனுக்கு முன்னால் நின்றவர் திருமேனி. மாமியார் வீட்டு விருந்துக்குப் போய்விட்டு மடுவுக்குத் திரும்புகிறவர். பங்காளி முறை, இருவருக்கும் கொள்ளுத்தாத்தா ஒருவரே. குப்பண்ணன் வகையறா ஓடையிலேயே தங்கிவிட்டது. திருமேனி வகையறா மடுவில் இறங்கி, அசையாத தண்ணீரில் தின்று தின்று, நிறுத்தி வைத்த தாம்பாளம் மாதிரி ஆகிவிட்டது.

"நீ எதுக்குடா வரிசையில நிக்கிறே? அயிரைக்குச் சித்தப்பன் மாதிரி இருந்துக்கிட்டு!"

"அண்ணே, மூஞ்சியப் பாருங்க. உங்க மீசைதான் எனக்கும்."

"மீசைய எவன்டா பாக்குறான்? மேனியப் பாரு, மேனிய!"

குப்பண்ணன் திரும்பிப் பார்த்தான். பின்னால் ஓடை சேறாகிக்கொண்டிருந்தது.

பரமானந்தம் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து பாறை உச்சியைவிட்டு இறங்கியதே இல்லை. வெயில் காய்ந்தபடி அங்கிருந்தே கொடுக்கை நீட்டினார். நிறுத்தி வைத்த தாம்பாளத்தை உச்சியிலிருந்து பார்த்தால் விளிம்புதானே தெரியும்? திருமேனியின் முதுகு கொடுக்குக்குள் நூல் மாதிரி நுழைந்தது.

"ஆரலா? போ, போ."

"யாருய்யா ஆரல்? இறங்கி வந்து பக்கவாட்டுல பாருய்யா!"

"இறங்குறது என் வேலையில இல்ல."

"அப்ப நானே காட்டுறேன்" என்று திருமேனி தண்ணீர்மேல் ஒருக்களித்துப் படுத்தார். அவர் அகலம் முழுவதும் வெள்ளியாக மின்னியது. பரமானந்தத்துக்குத் தெரிந்தது. அவருக்கும் மேலே வட்டமிட்டுக்கொண்டிருந்த பருந்துக்கும் தெரிந்தது. அது வம்சமெல்லாம் விசாரிக்கவில்லை, அப்படியே கவ்விக்கொண்டு பறந்தது.

"அடுத்து!" என்றார் பரமானந்தம்.

மீனுக்குக் கண்ணை மூட வராது. வந்திருந்தால் குப்பண்ணன் மூடியிருப்பான். கொடுக்கு இறங்கியது. அவன் உருண்டை முதுகில் முட்டி நின்றது.

"அடேயப்பா, என்ன முதுகு! அசல் கெண்டை ரத்தம். உள்ள போங்க தம்பி."

போனவர்தான் அசல் என்று சொல்ல வாயைத் திறந்தான். வாயில் சேறு போயிற்று. மூடிக்கொண்டு மடுவுக்குள் இறங்கினான்.

சாயங்காலம் திருமேனிக்கு இரங்கல் கூட்டம். நெருங்கிய பங்காளி என்பதால் குப்பண்ணனே தலைமை.

நீதி: உடம்பைத் தண்ணீர் தரும், மீசையைத் தாத்தா தருவார், குலத்தைத் தருகிறவர் மட்டும் பாறையைவிட்டு இறங்காத நண்டு. ஆகையால் அகலம் இருக்கிறதே என்று யாரும் படுத்துக் காட்ட வேண்டாம்.