ஐநூறுக்குள் ஓர் ஏசி

நாகப்பன் மீட்டர் பெட்டிக்கு முன்னால் குனிந்து, போன் டார்ச்சை அடித்து, எண்ணைப் படித்து, போன தடவை ரீடிங்கை அதிலிருந்து கழித்தார். நானூற்று இருபத்தொன்பது. நம்பாமல் இன்னொரு தரம் கழித்தார். அதேதான் வந்தது.

அன்று மே இரண்டாம் தேதி. ரீடிங் எடுக்க வழக்கமாகப் பத்தாம் தேதி வருவார்கள். இன்னும் எட்டு நாள். நாளொன்றுக்கு ஒன்பது யூனிட் என்று வைத்தால் ஐநூற்றொன்று.

"காந்திம்மா, ஒரே ஒரு யூனிட்ல மாட்டிக்கினோம்" என்றார் உள்ளே பார்த்து.

நைட் ஷிஃப்ட் முடித்து அப்போதுதான் வந்திருந்த காந்திமதி பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. "நான் அன்னிக்கே சொன்னேனா இல்லியா? ஏசி தண்டலம் போவட்டும். தம்பிக்குப் போன் போடவா?"

"இரு, இரு. எட்டு நாள் கீது. நான் பாத்துக்கிறேன்."

காந்திமதி செல்போன் கம்பெனியில் வேலை செய்கிறாள். நாலு மாதமாக நைட் ஷிஃப்ட். மணிமங்கலத்து மே மாத வெயிலில், மொட்டை மாடிக்குக் கீழே, பகலில் தூங்குவது என்பது அடுப்பில் வைத்த பாத்திரத்துக்குள் படுப்பதுதான். அதைப் பார்க்கப் பொறுக்காமல் நாகப்பன் மூன்று மாத ஓ.டி. பணத்தில், அவளைக் கேட்காமலே, ஒரு ஏசி வாங்கி மாட்டிவிட்டார். கரண்ட் பில்லுக்குப் பயந்த காந்திமதி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். ரெண்டு மாசக் கணக்கில் ஐநூறு யூனிட் தாண்டக் கூடாது. தாண்டினால் ஏசி தண்டலத்தில் இருக்கும் தம்பி இராமச்சந்திரன் வீட்டுக்குப் போய்விடும். இராமச்சந்திரன் சும்மா இல்லை. ஒருநாள் டேப்போடு வந்து ஏசியின் நீள அகலத்தை அளந்துகொண்டு போயிருந்தான்.

ஐநூறு என்பதன் மகிமை நாகப்பனுக்குத் தெரிந்த அளவுக்கு ஒரகடத்தில் யாருக்கும் தெரியாது. கார் சீட் தைக்கிற கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் அவர். டீ பிரேக்கில் கரண்ட் பில் புரியாதவர்கள் எல்லாம் அவரிடம்தான் போனை நீட்டுவார்கள். "ஐநூறு வரைக்கும் ஒரு கணக்கு. ஐநூத்தி ஒண்ணு ஆச்சுன்னா, அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டும் இல்லப்பா, அடியிலேர்ந்து வேற கணக்கு" என்று டீ கிளாஸை வைத்தே விளக்கிவிடுவார். அப்படிப்பட்டவர் வீட்டிலேயே ஐநூறு தாண்டுவதா?

ஆனால் உண்மையான காரணம் கௌரவம் இல்லை. ஏசி மாட்டிய முதல் நாள், காந்திமதி வாயைத் திறந்தபடி, லேசாகக் குறட்டை விட்டு, ஆறு மணி நேரம் தூங்கியதை அவர் கதவோரம் நின்று பார்த்திருந்தார். கல்யாணமாகி இருபது வருடத்தில் அவர் வாங்கித் தந்த எந்தப் பொருளும் அவளை அவ்வளவு சந்தோஷப்படுத்தியதில்லை. அந்தத் தூக்கத்தை மச்சானுக்குத் தூக்கிக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

வேலையை உடனே ஆரம்பித்தார். கம்பெனியில் வீண் செலவைத் தேடுவதுபோல் வீடு முழுக்க நடந்து, சிவப்பு விளக்கு எரியும் இடத்தையெல்லாம் குறித்துக்கொண்டார். டிவிக்குக் கீழே ஒன்று. வாசல் காலிங் பெல்லில் ஒன்று. அலமாரிமேல், வீடு கட்டிய காலத்து பட்டன் போன் ஒன்று, யாரும் தொடாமல் வருஷக்கணக்காகச் சார்ஜிலேயே படுத்திருந்தது. மூன்றையும் பிடுங்கிப் போட்டார்.

"பெல்லு கூடவா?" என்றாள் காந்திமதி.

"துளித்துளியா ஒழுவுது காந்திம்மா. உனக்குத் தெரியாது."

மூன்று நாள் கழித்து, ஐந்தாம் தேதி சாயங்காலம் வந்து பார்த்தால் நானூற்று ஐம்பத்தாறு. சிவப்பு விளக்குகளால் ஒன்றும் ஆகவில்லை. ஏசி அது பாட்டுக்குக் குடித்துக்கொண்டிருந்தது.

நாகப்பன் கட்டிலில் உட்கார்ந்து நெடுநேரம் யோசித்தார். பிறகு, ஏசியைக் காப்பாற்ற வேண்டுமானால் ஏசியை அணைக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்.

"அஞ்சே நாளு" என்று கெஞ்சினார். "பத்தாம் தேதி ரீடிங் எடுத்துனு போயிடுவாங்க. அதுக்கப்புறம் நீ ராணி மாதிரி தூங்கு."

காந்திமதி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவளுக்கும் உள்ளுக்குள் ஏசி பிடித்துப் போயிருந்தது. "அஞ்சு நாளு" என்று தலையாட்டினாள்.

மறுநாள் நாகப்பன் கம்பெனியிலிருந்து ஒரு பழைய வெள்ளைப் பலகையைக் கொண்டுவந்து கேட் பக்கத்தில் மாட்டினார். ‘டார்கெட்: 500. இன்று: 459.’ தெருவில் முக்கால்வாசி வீடுகள் வாடகைக்கு விட்டவை. வெளியூர்ப் பையன்கள், மூன்று ஷிஃப்ட். யார் எப்போது முழித்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் போகிறவன், வருகிறவன் எல்லாம் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் போனான்.

மொட்டை மாடியின் பின்பாதியில் கட்டிய போர்ஷனில் தனி மீட்டரோடு குடியிருந்த நாலு பையன்களில் சுடலைக்கண்ணு என்பவனுக்கு ஆர்வம் அதிகம். நாங்குநேரிப் பக்கத்துக்காரன்.

"அண்ணாச்சி, ஸ்கோர் என்னாச்சு?" என்று படியிறங்கும்போதே கேட்பான்.

"நானூத்தி அறுவத்தி நாலு. அடிச்சு ஆடல, கட்டை போடறோம்."

"விட்டுறாதிய அண்ணாச்சி."

பத்தாம் தேதி வந்தது. நானூற்று எழுபது. நாகப்பன் லீவு போட்டுவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ரீடிங் எடுக்க ஒருவரும் வரவில்லை. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்றாம் தேதிகளிலும் வரவில்லை.

"ஒருவேளை முன்னாடியே வந்து எடுத்துட்டுப் போயிருப்பாவளோ? ஆப்ல பாத்துருவமா அண்ணாச்சி?" என்றான் சுடலைக்கண்ணு.

நாகப்பன் சிரித்தார். விஷயம் தெரிந்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு. "எடுத்தா மெசேஜ் வரும் தம்பி. மெசேஜ் வரலன்னா எடுக்கல. சரி, ஏன் எடுக்கல? யோசிச்சியா?"

"இல்லியே."

"கம்பெனில ஏன், ஏன்னு கேட்டுக் கேட்டு ‘ஒய்-ஒய்’ போடுவோம் பாரு, அத மாதிரி போடு. ஏன் ஆளு வரல? வேலை ஜாஸ்தி. ஏன் வேலை ஜாஸ்தி? மாசாமாசம் ரீடிங் வரப்போவுதுன்னு ஊரெல்லாம் பேசிக்கிறாங்க இல்ல? ரெண்டு மாசக் கணக்கை ஒரு மாசக் கணக்கா மாத்தறதுன்னா சும்மாவா? லிஸ்ட்டு மாறணும், மிஷினு மாறணும். அதான் லேட்டு. என்னிக்கு வேணா வருவாங்க. வர்ற அன்னிக்கு நாம ஐநூறுக்குள்ள நிக்கணும். அவ்ளோதான்."

சுடலைக்கண்ணு வாயைப் பிளந்து கேட்டான். இரவுக்குள் தெருவே அந்த விளக்கத்தை நம்பியது. நாகப்பனே அதைச் சொன்ன பிறகுதான் முழுசாக நம்பினார்.

நாள் நீளுவதால் அடுத்து பிரிட்ஜை அணைத்தார். சாயங்காலத்துக்குள் இட்லி மாவு பொங்கிப் பாத்திரத்தைத் தாண்டி, பிரிட்ஜுக்குள் வழிந்தது. மறுநாள் அரைத்த மாவை மாடிப் பையன்களின் பிரிட்ஜில் வைக்கக் கொடுத்தனுப்பினார். ஏ ஷிஃப்ட் பையன் காலையில் தோசை சுட்டான். பி ஷிஃப்ட் பையன் மத்தியானம் ஊத்தப்பம் ஊற்றினான். மாலையில் பாத்திரம் கழுவித் திரும்பி வந்தது.

"மாவு சூப்பர் அண்ணாச்சி. மைனிட்ட சொல்லிருங்க" என்றான் சுடலைக்கண்ணு.

காந்திமதி தூங்கவே முடியாமல் புரண்டாள். அதைப் பார்த்து நாகப்பன் மொட்டை மாடி முழுக்கத் தண்ணீர் ஊற்றினார். தளம் குளிர்ந்தது. கூடவே தொட்டியும் காலியானது. குளிக்கக்கூடத் தண்ணீர் இல்லாமல் மோட்டாரைப் போட்டார். மோட்டார் ஒன்றரை மணி நேரம் ஓடியது. பலகையில் நானூற்று எண்பத்தாறை அழித்து எண்பத்தெட்டு என்று எழுதினார்.

காந்திமதி வேறு வழி பார்த்தாள். லைனில் ஓ.டி. கேட்டு வாங்கிக்கொண்டாள். "கம்பெனில ஏசி கீது" என்றாள் சுருக்கமாக. பன்னிரண்டு மணி நேரம் நின்றவள், ஒருநாள் காலை கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் தூங்கிவிட்டாள். மணிமங்கலத்தில் இறங்க வேண்டியவளை டிரைவர் கடைசி ஸ்டாப்பில்தான் கவனித்தார். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில், ஷேர் ஆட்டோக்களுக்கு நடுவில், பையைக் கட்டிக்கொண்டு நின்றவளை நாகப்பன் பைக்கில் போய்க் கூட்டிவந்தார்.

வழியெல்லாம் அவர் முதுகில் சாய்ந்து அவள் தூங்கினாள். விழுந்துவிடாமல் இருக்க, தன் துண்டால் அவளைத் தன்னோடு சேர்த்துக் கட்டியிருந்தார். தோற்கக் கூடாது, இவ்வளவு கஷ்டப்பட்ட பிறகு தோற்கவே கூடாது என்று நினைத்துக்கொண்டார்.

இருபத்து நான்காம் தேதி நானூற்றுத் தொண்ணூற்றைந்து. பையன்கள் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் தூங்கப் போகாமல் பலகைக்கு முன்னால் நின்றார்கள். இருபத்தாறாம் தேதி தொண்ணூற்றெட்டு. இருபத்தேழாம் தேதி காலை, தொண்ணூற்றொன்பது.

நாகப்பன் மெயினை அணைத்தார். "இனி ஆளு வர்ற வரைக்கும் காத்துனு இருக்க முடியாது. நானே போய் இட்டாரேன்" என்று பைக்கை உதைத்தார்.

அதிர்ஷ்டம் படப்பைக் கூட்ரோட்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தது. காக்கிச் சட்டை, தோளில் பை, மடியில் ஒரு லிஸ்ட்.

"சார், ஈபியா?"

"ஆமா. இன்னா சார் வேணும்?"

"மணிமங்கலம் வரணும் சார். எங்க வூட்டுக்கு."

அவர் சர்வீஸ் நம்பரைக் கேட்டு, லிஸ்ட்டில் விரலை ஓட்டினார். "நாகப்பன்? கீது சார், உங்க பேரு கீது. சாயங்காலமா உங்க பக்கம்தான் வர்றதா இருந்தேன்."

நாகப்பனுக்கு அவரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. டீ சொன்னார். ரெண்டு பஜ்ஜி சொன்னார். அவர் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல இன்னும் ரெண்டு சொன்னார்.

"நேத்தே வந்தேன் சார், ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னு. பெல்லு அடிக்கல. மெசேஜ் போறதுக்கு ஈபில குடுத்திருக்கற, நாப்பத்தொண்ணுல முடியுற நம்பர் உங்களுதுதான? ஸ்விட்ச் ஆஃப்னு வந்துது."

"பழைய போனு சார். சார்ஜே போடறதில்ல. பெல்லும் நான்தான் கழட்டிட்டேன். கரண்டை மிச்சம் பண்றோம்."

ஈபிக்காரர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "கஷ்டமா சார்? வேணும்னா நாளைக்கு வரேன். வெயில் காலம், வூட்ல பொம்பளைங்க இருப்பாங்க."

"நாளைக்கா? ஒரு மணி நேரம்கூடத் தள்ளக் கூடாது சார். இன்னிக்கே, இப்பவே முடிச்சிடுங்க. என் சம்சாரம் இதுக்காக ஒரு மாசமா தூங்கல."

"இருவது வருசம் சர்வீஸ் சார். உங்கள மாதிரி ஒரு மனுசனப் பாத்ததில்ல" என்று அவர் மனம் உருகிச் சொன்னார். நாகப்பன் அவரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு, இருபத்தைந்து நாளில் முதல்முறையாகப் பாட்டை முணுமுணுத்தபடி ஓட்டினார்.

வீட்டு வாசலில் கூட்டம் நின்றது. மாடிப் படியில் மூன்று பையன்கள். தூக்கம் சொக்கும் கண்ணோடு காந்திமதி. நாகப்பன் ஓடிப் போய் மெயினைப் போட்டுவிட்டு வந்து மீட்டரைக் காட்டினார்.

"பாத்துக்கோங்க சார். நானூத்தித் தொண்ணூத்தொம்போது."

"ஜெயிச்சிட்டிய அண்ணாச்சி" என்றான் சுடலைக்கண்ணு.

காந்திமதி அவரைப் பார்த்துச் சிரித்தாள். "சரி, ஏசி எங்கயும் போவாது. தம்பிக்குச் சொல்லிடுறேன்" என்று ரிமோட்டைத் தேடி உள்ளே போனாள். நாகப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஈபிக்காரர் பெட்டியைத் திறந்து, உள்ளே கைவிட்டு, பீஸ் கட்டையைக் கழற்றினார்.

"எதுக்கு அண்ணாச்சி அத உருவுதாரு?" என்று சுடலைக்கண்ணு கிசுகிசுத்தான்.

"சேஃப்டி. நம்ம கம்பெனில மிஷின்ல கை வைக்கறதுக்கு முன்னாடி பவரை ஆஃப் பண்ணிப் பூட்டு போடறோம் இல்ல, அதான். மாசாமாசம் ரீடிங்னு வந்ததும் எல்லாம் ஸ்ட்ரிக்ட் ஆயிட்ச்சி" என்று நாகப்பன் விளக்கினார். பையன்கள் தலையாட்டினார்கள்.

ஈபிக்காரர் பீஸ் கட்டையைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் போட்டார். பெட்டியைச் சாத்தினார். லிஸ்ட்டில் ஒரு டிக் அடித்தார்.

உள்ளேயிருந்து காந்திமதியின் குரல் வந்தது. "ஏங்க, ஏசி வரலியே."

"சார், ரீடிங் எடுக்காமப் போறீங்களே?" என்றார் நாகப்பன்.

ஈபிக்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "ரீடிங் அஞ்சாந்தேதி காலைலயே எடுத்தாச்சே சார், நானூத்தி அம்பத்தொண்ணு. நான் பில்லு கட்டாதவங்க வூட்ல பீஸ் புடுங்க வர்ற ஆளு. பஜ்ஜி வாங்கிக் குடுத்து என்னைப் பைக்ல இட்டாந்தது நீங்க ஒருத்தர்தான்."