அக்காவின் நாற்காலியில் ஓர் எலி

சுவாச நலத் துறையின் தலைமை அலுவலகத்தில் புறா வளர்ப்பதென்று கொள்கையளவில் முடிவாயிற்று. மேலதிகாரிகளுக்கு மன அமைதி தேவைப்பட்ட காலம் அது. போன வருடம் மீன் தொட்டி, இந்த வருடம் புறா. இயக்குநர் அறையில் நாற்றம் வரக் கூடாதல்லவா, அதனால் கூண்டுகளைத் தபால் பிரிவு அக்காவின் ஜன்னலில் மாட்டினார்கள்.

சில மாதங்களில் அக்காவுக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. புறா எச்சமும் இறகுத் தூசியும் ஒத்துக்கொள்ளவில்லை, இடத்தை மாற்றாவிட்டால் நுரையீரல் இறுகிப்போகும் என்றார் டாக்டர். அக்கா இயக்குநரிடம் போனார்.

"டாக்டர் சொல்லிட்டா ஆச்சா? விஞ்ஞானம்னு ஒண்ணு இருக்கில்லம்மா? முதல்ல எலிக்கு வரணும். அப்புறம்தான் மனுஷங்களுக்கு."

"எனக்கு ஏற்கெனவே வந்திருச்சே சார்."

"வரிசையை மீறி வந்திருக்கு. அதை நான் எப்படி ஏத்துக்கிறது?"

ஆய்வுக்கூடத்திலிருந்து வெள்ளை எலி ஒன்று முறைப்படி தருவிக்கப்பட்டு, அக்காவின் நாற்காலியில் கூண்டோடு அமர்த்தப்பட்டது. அக்கா பக்கத்தில் ஸ்டூல் போட்டுக்கொண்டு தபால் பிரித்தார்.

எலி இளைத்தது. வயிறு எக்கி எக்கி மூச்சிழுத்தது. அலுவலகமே பதறிப்போனது. கணக்குப் பிரிவில் கண் கலங்கினார்கள். நான் காரட் நறுக்கிக்கொண்டு ஓடினேன். அக்கா இருமிக்கொண்டே அதற்குத் தண்ணீர் வைத்தார். விலங்கு நல அதிகாரி வந்து எங்களை வாங்கு வாங்கென்று வாங்கினார்.

"இந்தக் காத்துல ஒரு உயிரை உட்கார வைப்பீங்களா? உங்களுக்கெல்லாம் மனசாட்சியே இல்லையா?"

அன்றே எலி இயக்குநரின் ஏசி அறைக்கு மாற்றப்பட்டது. நன்றாகத் தேறியும் விட்டது.

அக்கா நம்பிக்கையோடு போய் நின்றார்.

"எலிக்கு வரும்னு நிரூபணம் ஆயிடுச்சு, சந்தோஷம். ஆனா நீங்க எலி இல்லையேம்மா."

"என்னையும் அதே மாதிரி மாத்திப் பாருங்களேன் சார்."

"உங்களை மாத்திட்டா, மனுஷங்களுக்கு வருமான்னு யாரை வச்சுப் பார்க்கிறது?"

அக்கா இருமிக்கொண்டே வெளியே வந்து நடந்ததைச் சொன்னார். எங்களுக்கு ரத்தம் கொதித்தது. திரண்டு உள்ளே போனோம்.

"ஒரே ஒருத்தரை வச்சு இப்படிப் பண்றது நியாயமா சார்?"

இயக்குநரின் முகம் மலர்ந்தது.

"நியாயமான கேள்வி! ஒருத்தரை வச்சு எதையுமே நிரூபிக்க முடியாது."

மறுநாள் எங்கள் எல்லோர் ஜன்னலிலும் கூண்டு தொங்கியது. ஏற்கெனவே நோய் கண்டவர் ஆய்வுக்குத் தகுதியற்றவர் என்று அக்காவை மட்டும் ஏசி அறைக்கு, எலிக்குப் பக்கத்து மேஜைக்கு, மாற்றினார்கள். இப்போது அவர் மூச்சு வாங்காமல் மாடி ஏறுகிறார். நாங்கள் பாதிப் படியில் உட்கார்ந்துவிடுகிறோம்.

அதன் பிறகு எங்கள் அலுவலகத்தில் யாரும் யாருக்காகவும் நியாயம் கேட்பதில்லை.